தோளில் இரண்டு விரல்

எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் வெண்டல் ஓபர்க் முதலில் கையை ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். சத்தம் அப்படியே அடங்கிவிட்டால் வந்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சத்தம் எதிரொலித்துத் திரும்பி வந்தால் அங்கேயே நின்றுவிடுவார். வங்கியின் பின்பக்க மாடிப்படி, ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடம், சிநேகிதர் ஹாலிஸின் காலித் தானியக் குதிர் என்று எங்கள் ஊர் பெல்டனில் அவர் நின்ற இடங்கள் நிறைய. கோர்ட் கட்டிடத்தின் படிக்கட்டுக்கு நல்ல மார்க் கொடுப்பார். "சர்ச் கக்கூஸு அதவிட நல்லாருக்கும். ஆனா நாலு பேரு ஒண்ணா உள்ள போனா பாதிரியார் ஒரு மாதிரி பாக்கறாரு" என்பார்.

நின்றவர் முனகத் தொடங்குவார். ஒரே ஒரு சுரம்தான். அதைப் பிடித்துக்கொண்டு நாலாபுறமும் பார்ப்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் அவருக்கு வயிற்றுவலி என்று நினைத்து நாற்காலி தேடியதுண்டு. உண்மையில் அவருக்கு வேண்டியது இன்னும் மூன்று பேர்.

தகரத்தை மடித்து, வீடுகளுக்குள் சூடான காற்று போகும் குழாய்களைச் செய்து பொருத்துவது அவருடைய தொழில். விஸ்கான்சின் குளிரில் அந்தத் தொழிலுக்குக் குறைவே கிடையாது. எங்கள் ஊரில் பாதி வீடுகளின் நிலவறைக்குள் அவர் குனிந்து நுழைந்திருக்கிறார். அந்தக் குனிவு முதுகிலேயே தங்கிவிட்டது. விரல்களெல்லாம் தகரம் கீறிய கோடுகள். தலையில் ஏதோ விதைக் கம்பெனி இனாமாகக் கொடுத்த பச்சைத் தொப்பி. அதன் முன்மடல் நைந்து அட்டை தெரிகிறது. புதுத் தொப்பி வாங்கிக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார், போடமாட்டார்.

அவருடைய பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எங்கள் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான்கு குரல்கள், வாத்தியம் எதுவும் கிடையாது. மெட்டைப் பாடுகிறவன் ஒருவன், அது நான். எனக்கு மேலே மெல்லிய குரலில் டெனர். அது பல் வைத்தியரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் கொரின். எல்லோருக்கும் அடியில் பேஸ். அது பால் லாரி ஓட்டும் ஹாலிஸ். நாங்கள் மூவரும் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருக்கும் சுரங்களையெல்லாம் பொறுக்கிப் பாடுவது பாரிடோன். அதுதான் வெண்டல்.

"நீங்க மூணு பேரும் சாப்ட்டுட்டுப் போனப்பறம் தட்டுல என்ன இருக்கோ அதுதான் எனக்கு" என்பார். அது பொய்யில்லை. பாரிடோனைத் தனியாகக் கேட்டால் அது எந்தப் பாட்டு என்று பெற்றவளுக்கும் தெரியாது. ஒரு சுரம் மேலே போகும், காரணமில்லாமல் கீழே இறங்கும், நடுவில் மூன்று முறை ஒரே இடத்தில் நிற்கும். கல்யாணமான புதிதில் அவர் குளிக்கும்போது பாடிப் பழகியதைக் கேட்டு, அவர் மனைவி ஆர்லிஸ் நாய்க்கு உடம்பு சரியில்லை என்று வெளியே போய்ப் பார்த்தாராம். ஆனால் அந்தக் குரல் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் ஒட்டாது. மாவில் தண்ணீர் விடாத கதைதான்.

முழுப்பாட்டு பாடுவதற்கு மேடை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, கோட்டு சூட்டு இருக்கிறது. வெண்டலுக்கு அதிலெல்லாம் ஆசை கிடையாது. அவருக்கு வேண்டியது வால். பாட்டின் கடைசி நாலு வரிகளைத்தான் நாங்கள் வால் என்போம். ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிக் கொடுத்து, அங்கேயே நின்று பாடி, நன்றாக வந்தால் இன்னொரு தரம், வராவிட்டாலும் இன்னொரு தரம் பாடிப் பார்ப்போம். இந்த வால்களில் பாதி காதலியைப் பற்றியது, மீதி அம்மாவைப் பற்றியது. இரண்டு பேரும் எப்போது பார்த்தாலும் ரயிலடியிலேயே நிற்பார்கள்.

நான்கு குரலும் இம்மியளவுகூடப் பிசகாமல் பொருந்திவிட்டால் ஒன்று நடக்கும். யாரும் பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேலே எங்கிருந்தோ கேட்கும். எங்கள் கூட்டத்தில் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. வெண்டல் வைத்த பெயர் 'மாடி வீட்டுக்காரர்'. அது கேட்ட மறுகணம், வாயில் சுரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தொப்பியை லேசாகத் தூக்கி மேலே பார்த்து மரியாதை செய்வார். பாடி முடித்ததும், "வந்தாரு பாத்தியா? கீழ சத்தம் கேட்டா செருப்ப மாட்டிட்டு வந்துடுவாரு மனுஷன்" என்பார்.

என்னை இதில் இழுத்துவிட்டவரும் அவர்தான். என் ஹார்டுவேர் கடைக்குத் திருகாணி வாங்க வந்தவர், நான் எடைபோட்டுக்கொண்டிருக்கும்போது, "லாய்டு, ஒரு சுரம் தரேன். கெட்டியா புடிச்சுக்க. யாரு என்ன பண்ணாலும் விட்றாத" என்றார். கிண்டலுக்குத்தான் செய்கிறார் என்று நினைத்து நானும் பிடித்துக்கொண்டேன். பெயின்ட் அடுக்கின் பின்னாலிருந்து ஹாலிஸின் குரல் தரையோடு தரையாக வந்தது. ஆணிப் பெட்டிகளின் பக்கமிருந்து கொரினின் குரல். கடைசியில் வெண்டல் தன்னுடைய மிச்சத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

என் மண்டைக்குள் ஒரு ஜன்னல் திறந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை என் குரல் எனக்குப் பிடித்ததேயில்லை. மூன்று பேர் அதைச் சுற்றி நின்று பிடித்துக்கொண்டபோது அது வேறு யாருடையதோ போல, என்னைவிட நல்ல மனிதன் ஒருவனுடையது போல இருந்தது. சாவி போட வந்த ஒரு கிழவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திருகாணியை எடைபோட்டேனா, பொட்டலம் கட்டினேனா என்று இன்றுவரை நினைவில்லை. இப்போதும் அந்தப் பெயின்ட் அடுக்கின் பக்கம் போனால் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் நகர்கிறேன்.

இன்னொரு நாள், பனி கொட்டி நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். நானும் வெண்டலும் கொரினும் பெட்ரோல் பங்கில் மாட்டிக்கொண்டோம். அங்கே இருந்தவர்களில் ஒருவர் தெற்கே எங்கிருந்தோ வந்த லாரிக்காரர். ஆகிருதியான ஆள், யாரோடும் பேசாமல் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தார். வெண்டல் வழக்கம்போல ஒரு சுரத்தை முனகிக்கொண்டு நாலாபுறமும் பார்த்தார். லாரிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு, "என்ன வாலுங்க அது?" என்று கேட்டார். பாதை திறக்கும்வரை பாடினோம். கல்லாவில் இருந்த பெண் சூப் கொதிப்பதையும் மறந்து நின்றாள். பேர் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் குரலைப் பற்றி நாங்கள் பேச்செடுத்தால் ஹாலிஸுக்கு இன்னும் பொறாமை. "பெரிய பேஸு. வர வழியில கிணத்த முழுங்கிட்டு வந்திருப்பான்" என்பார்.

சனிக்கிழமை காலையில் நார்மின் சலூன்தான் எங்கள் இடம். நார்ம் பாடமாட்டார். ஆனால் மாடி வீட்டுக்காரர் வந்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறவர் அவர். பாடுகிறவர்களுக்குத் தங்கள் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். நாற்காலியின் பின்னால் சீப்போடு நிற்பவருக்குத்தான் எல்லாம் சேர்ந்து கேட்கும். "வரலப்பா. படி வரைக்கும் வந்தாரு, திரும்பிப் போய்ட்டாரு" என்று இரக்கமே இல்லாமல் சொல்லுவார்.

வெண்டல் சுருதிக்குழல் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் எது முனகுகிறதோ அதிலிருந்து சுரம் எடுத்துக்கொள்வார். சலூனில் அது மூலையில் இருக்கும் பழைய குளிர்பெட்டி. நார்ம் ஒரு வருஷம் அதை மாற்றிப் புதிதாக ஒன்று வாங்கினார். அது சற்று உயரத்தில் முனகியது. எங்களுக்கு யாருக்கும் காரணம் புரியவில்லை. கொரினுக்குத் தொண்டை கட்டியது, எனக்கு மூச்சு வாங்கியது, ஹாலிஸ் மட்டும் சந்தோஷமாக இருந்தார். ஒரு மாதம் கழித்துத்தான் வெண்டல் பெட்டியைச் சுட்டிக்காட்டி, "இவன்தான் எல்லாத்தையும் மேல இழுத்துட்டுப் போறான்" என்றார். வேறு சுரத்தில் ஆரம்பித்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்குத் தோன்றவில்லை. நார்மை நச்சரித்து, கொல்லையில் கிடந்த பழைய பெட்டியை நாங்களே தூக்கிவந்து வைத்தோம். அது சரியாகக் குளிர்விப்பதில்லை. சோடா வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

எங்கள் பாட்டுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒரு குரலுக்கு ஓர் ஆள். ஐந்தாவதாக வருகிறவர் சேர்ந்து பாடக்கூடாது. தன் குரலைப் பாடிக்கொண்டிருப்பவருக்குப் பின்னால் வந்து, தோளில் இரண்டு விரலை வைக்க வேண்டும். விரல் பட்டவர் நடு வரியில் இருந்தாலும் விலகிவிட வேண்டும். வந்தவர் அந்தச் சுரத்திலேயே ஏறிக்கொள்வார். விலகினவர் வெளியே நின்று கேட்டுவிட்டு, ஆசை தீராவிட்டால் மறுபடி வந்து அவர் தோளில் விரல் வைக்கலாம். இதில் கோபம் கிடையாது, மூத்தவர் இளையவர் கிடையாது. தொட்டால் இறங்கு, அவ்வளவுதான். இந்தச் சட்டம் வெண்டலுக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்த ஊர்க்காரர்கள் வரும் நாட்களில் அவர் தோளை விரல்கள் மொய்க்கும். இறங்குவார், ஏறுவார், மறுபடி இறங்குவார். பிள்ளைகள் விளையாடுகிற மாதிரிதான் இருக்கும்.

அவருடைய காது எப்போது போகத் தொடங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் நிலவறைகளில் தகரத்தைச் சுத்தியலால் அடித்தவர், போகாமலிருந்தால்தான் ஆச்சரியம். முதலில் குருவிச் சத்தம் போயிற்று. பிறகு பேரப்பிள்ளைகளின் பேச்சு. டாக்டர் இரண்டு காதுக்கும் கருவி கொடுத்தார். பேசுவதற்கு அது நல்லது. பாட்டுக்கு ஆகவில்லை, நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்தால் கருவி அதைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு நடுங்க வைத்தது. "தண்ணிக்குள்ள ஆடு கத்தற மாதிரி இருக்கு" என்றார். அதனால் பாடும்போது இரண்டையும் கழற்றி ஒரு பெப்பர்மின்ட் டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். நார்ம் ஒருமுறை அதில் ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டார்.

அப்புறம் அவருடைய சுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. மயிரிழைதான். ஆனால் மாடி வீட்டுக்காரருக்கு அந்த மயிரிழை போதும், வரமாட்டார். அதைவிடக் கொடுமை என்னவென்றால், வெண்டல் தொப்பியைத் தூக்குவதை நிறுத்தவில்லை. வால் முடிகிற இடத்தில், வர வேண்டிய நேரத்தில், மேலே பார்த்துத் தொப்பியைத் தூக்குவார். மேலே யாரும் இருக்கமாட்டார்கள். நாங்கள் எங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருப்போம். "வந்தாரா?" என்று நார்மைக் கேட்பார். நார்ம் சீப்பைத் துடைத்தபடியே, "வந்தாருப்பா" என்பார். வேறு யாருக்கும் சொல்லாத பொய்யை அவருக்குச் சொன்னார்.

ஹாலிஸும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். அவரும் வெண்டலும் முதல் வகுப்பிலிருந்து சிநேகிதர்கள். பாடும்போது வெண்டலுக்கு எதிரில் நிற்பவர் ஹாலிஸ்தான். வெளியூர்ப் பாரிடோன் யாராவது வெண்டலின் பின்னால் வந்து விரலைத் தூக்கினால், ஹாலிஸ் பாடிக்கொண்டே தலையை லேசாக அசைப்பார். வேண்டாம் என்று அர்த்தம். வந்தவர் விரலை மடக்கிக்கொண்டு போய்விடுவார். இறக்கிவிட்டால் வெண்டல் வெளியே நின்று கேட்பார். புது ஆளோடு எங்கள் பாட்டு பொருந்தி ஒலிப்பதைக் எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். அது வேண்டாம் என்பது ஹாலிஸின் எண்ணம். நாங்களும் அதை நல்ல காரியம் என்றே நினைத்தோம்.

போன இலையுதிர் காலத்தில் தீயணைப்பு நிலையத்தில் வருஷா வருஷம் நடக்கும் பான்கேக் விருந்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டதால் கொட்டகை காலி. வெண்டல் கையைத் தட்டிப் பார்த்தார், சிரித்தார். பெப்பர்மின்ட் டப்பா பைக்குள் போனது. பாட ஆரம்பித்தோம். என் தோளில் விரல் பட்டது, இறங்கினேன். கொரின் இறங்கினாள், ஏறினாள். ஹாலிஸ்கூட இரண்டு முறை இறங்கினார். ஒரு கட்டத்தில் நாங்கள் மூன்று பேரும் வெளியே நிற்க, வெண்டல் மட்டும் புது ஆட்கள் மத்தியில் பாடிக்கொண்டிருந்தார். ஒரு பாரிடோன்காரர் அவர் பின்னால் வந்து நின்றார். ஹாலிஸ் ஓரத்திலிருந்தே தலையை அசைத்தார்.

வெண்டல் அதைப் பார்த்துவிட்டார்.

வால் முடியவில்லை. நடுவிலேயே அவர் வாயை மூடிக்கொண்டு தானாக விலகினார். அப்படி அவர் செய்து நாங்கள் பார்த்ததில்லை. டப்பாவைத் திறந்து கருவிகளைக் காதில் மாட்டிக்கொண்டார். தட்டில் பாதி பான்கேக் அப்படியே இருந்தது. ஆர்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மான் வேட்டைக் காலம் வந்து போயிற்று. நாங்கள் மூன்று பேரும் சலூனில் உட்கார்ந்து வெதுவெதுப்பான சோடா குடித்தோம். குளிர்பெட்டி முனகும்; யாரும் வாயைத் திறக்கமாட்டோம். ஹாலிஸின் தலையில் காதோரம் மட்டும்தான் முடி. அதை வாரா வாரம் வெட்டச் சொல்லி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "இன்னும் வெட்டணும்னா காதத்தான் வெட்டணும்" என்றார் நார்ம்.

கடைசியில் ஹாலிஸும் நானும் வெண்டலின் பட்டறைக்குப் போனோம். வீட்டை ஒட்டிய கொட்டகைதான் பட்டறை. ஆர்லிஸ் வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கப்பா. இந்த மனுஷன இங்கேர்ந்து கூட்டிட்டுப் போங்க. வீட்ல இருக்கற குழாயெல்லாம் தட்டித் தட்டிப் பாக்கறாரு. கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு."

வெண்டல் ஒரு தகரத்தின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"பாட வரச் சொல்லி வந்திருக்கீங்களா?"

"ஆமாடா" என்றார் ஹாலிஸ்.

"என் தோள யாராவது தொட்டு எவ்வளவு காலம் ஆச்சுன்னு சொல்லு பாப்போம்."

ஹாலிஸ் கீழே கிடந்த ஒரு தகரத் துண்டைக் காலால் நகர்த்தினார்.

"நானும் பாத்துட்டேதான் இருந்தேன். என்னடா, இவ்வளவு நல்லா பாடறமா, ஒருத்தனுக்கும் நம்மள எறக்க மனசு வரலயான்னு ஒரு மாசம் பெருமையா இருந்துது. அப்பறம் சந்தேகம். பான்கேக் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, என் சிநேகிதனே காவல் நிக்கறான்னு."

"உனக்கு வலிக்கும்னுதான்டா."

"தொப்பியத் தூக்கிக்கிட்டு நின்னனே, அப்ப வலிக்கலயா உனக்கு? மேல ஆளே இல்ல, நான் பாட்டுக்கு வணக்கம் வெச்சிக்கிட்டு இருக்கேன். நார்ம் 'வந்தாரு'ங்கறான். எத்தன தரம் பொய்யி?"

ஹாலிஸ் உட்கார இடம் தேடி ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, டப்பா நெளிந்தது. "எல்லாத் தரமும்தான்" என்றார்.

வெண்டல் சுத்தியலைக் கீழே வைத்தார். அவருக்கு அழுகை வரவில்லை.

"சுருதி போனா போகட்டும்டா. எல்லாருக்கும்தான் ஏதாவது போகுது. உனக்கு முடி போச்சு. ஆனா என்னத் தொட்டு எறக்கணும். எறங்கி நின்னாத்தான் மறுபடி ஏற முடியும். தொடவே மாட்டேன்னா நான் உங்களோட பாடல. நீங்க என்னத் தூக்கிட்டுப் போறீங்க. அதுக்கு நான் வரல."

"தொடறதுக்கு ஆளு வேணாமா? இந்த ஊர்ல பாரிடோன் பாடற கிறுக்கன் நீ ஒருத்தன்தானே."

வெண்டலின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா என்று சொல்ல முடியாது. மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டார். ஆர்லிஸ் கொடுத்த, ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பை நின்றபடியே தின்றுவிட்டு வந்தோம்.

அந்தச் சனிக்கிழமை வெண்டல் சலூனுக்கு வந்தார். "முடி வெட்டத்தான் வந்தேன்" என்று வாசலிலேயே அறிவித்துவிட்டு, காதில் கருவியோடு பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்காலியில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். பால் கறக்கும் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்க வந்த வெளியூர்க்காரர்; சிவப்பு முடி, பெயர் டெரல் என்று சொன்னார். நார்ம் அவருடைய இடப்பக்கத்தை முடித்திருந்தார். வலப்பக்கம் காடாக இருந்தது.

கொரின் பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டினாள். அப்போது மூலையில் குளிர்பெட்டி ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு முனக ஆரம்பித்தது. வெண்டலின் காலைப் பார்த்தேன். பூட்ஸ் முனை அசைந்தது. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பெப்பர்மின்ட் டப்பா வெளியே வந்தது. கருவிகள் உள்ளே போயின. ஒரே ஒரு சுரத்தை முனகிக்கொண்டு நாலாபுறமும் பார்த்தார்.

நாங்கள் எழுந்த வேகத்தில் பெஞ்சு சரிந்தது. படகுத்துறையில் விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றிய வால் அது, எங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ஹாலிஸ் வழக்கம்போல வெண்டலுக்கு எதிரில் நின்றார். முதல் தரம் பாடினோம். சுரம் மயிரிழை கீழேதான் இருந்தது. வெண்டல் தொப்பியைத் தொடவில்லை. நார்மைப் பார்த்தார்.

நார்ம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "வரலப்பா" என்றார்.

வெண்டல் தலையாட்டினார். "இன்னொரு தரம்" என்றார்.

இரண்டாவது தரம் பாடும்போது நாற்காலி கிறீச்சிட்டது. டெரல் எழுந்துவிட்டார். கழுத்தில் கட்டிய துணியோடு, மேலெல்லாம் வெட்டிய முடி உதிர, பாதித் தலையோடு எங்கள் பக்கம் நடந்து வந்தார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மெட்டு இல்லாத, மேலும் கீழும் போகிற, மிச்சமான சுரங்கள். கொரினின் புருவம் ஏறியது. டெரல் வந்து வெண்டலின் பின்னால் நின்று, துணிக்கடியிலிருந்து கையை எடுத்து, இரண்டு விரலைத் தூக்கினார். சட்டம் தெரிந்த ஆள். அனுமதி கேட்பதுபோல எதிரே இருந்த ஹாலிஸைப் பார்த்தார்.

நான் மெட்டைப் பாடிக்கொண்டே ஹாலிஸின் முகத்தைப் பார்த்தேன். அந்தத் தலை எந்தப் பக்கம் அசையும் என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஹாலிஸ் தன் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

விரல் தோளில் பட்டது.

வெண்டல் திடுக்கிட்டுத் திரும்பினார். பாதித் தலையையும், துணியையும், அந்த இரண்டு விரலையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவேன்! தன் ஊர் வந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்போல ஒரே எட்டில் விலகி இடம் விட்டார். டெரல் அந்தச் சுரத்திலேயே ஏறிக்கொண்டு ஹாலிஸின் பக்கத்தில் போய் நின்றார். வெண்டல் எங்களைச் சுற்றிக்கொண்டு போய் ஹாலிஸின் பின்னால் நின்றார். என்ன தோன்றிற்றோ, இடது உள்ளங்கையை ஹாலிஸின் முதுகில் விரித்து வைத்தார். தகரம் சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்க வைப்பாரே, அந்த மாதிரி.

கடைசிச் சுரம் நான்கு வாயிலும் ஒன்றாக வந்து நின்றது. அலமாரியில் இருந்த எண்ணெய்ப் புட்டிகள் மெல்லச் சிணுங்கின. கூரையின் அருகில் அந்த ஐந்தாவது குரல் எழுந்து நின்றது. எத்தனை காலம் ஆயிற்று! கொரினின் கண் நிறைந்துவிட்டது. வெண்டலுக்கு அது கேட்டிருக்க வழியில்லை. ஆனால் ஹாலிஸின் முதுகில் அதிர்ந்துகொண்டிருந்த தன் கையை அவர் உற்றுப் பார்த்தார். பிறகு நார்மைப் பார்த்தார். நார்ம் சீப்பைத் தூக்கிக் கூரையைக் காட்டினார்.

வெண்டல் பச்சைத் தொப்பியைத் தூக்கினார். நிதானமாக, முழுசாகத் தூக்கி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தரம்" என்றாள் கொரின். குளிர்பெட்டி முனகிக்கொண்டுதான் இருந்தது. முதல் வரியைத் தொடங்கினோம். டெரலுக்கு அந்த வால் நன்றாகத் தெரிந்திருந்தது, ரசித்துப் பாடினார். இரண்டாவது வரியின் நடுவில் நான் திரும்பிப் பார்த்தேன். வெண்டலின் இடது உள்ளங்கை இன்னும் ஹாலிஸின் முதுகிலேயே இருந்தது. வலது கையை நீட்டி, உதிர்ந்த சிவப்பு முடியைத் துணியிலிருந்து பக்குவமாகத் தட்டிவிட்டு, டெரலின் தோளில் இரண்டு விரலை வைத்தார்.